காத்து, காற்று, காட்டு

மல்லாவியில் சத்தமில்லாத அறையொன்று கேட்டேன்.
அரிசி ஆலையின் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார் முதலாளி.
கூரை வரை நெல்மூட்டைகள். எதிரொலியைத் தின்னும்
இப்படியொரு சுவர் பேராதனையிலும் எங்களுக்கு இல்லை.
பன்னிரண்டு மணி வரை மின்வெட்டு.
ஆலை வாய் மூடியிருந்தது.

புஸ்பமலர், வயது நாற்பத்தாறு,
தவிடு பிரிக்கிற வேலை, தலைமயிரில் உமி.
அட்டையில் உள்ள சொல்லை
ஒரே வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்ல வேண்டும்:
நான் காத்து எண்டு சொன்னனான்.
நான் காற்று எண்டு சொன்னனான்.
நான் காட்டு எண்டு சொன்னனான்.
நாக்கு முதலில் பல்லில் முட்டியது,
பிறகு பல்லுக்கு மேலே முரசில்,
பிறகு மடிந்து அண்ணத்தில்.
ஒரு விரல் அகலத்துக்குள் மூன்று இடம்.
இடம் பிசகினால் காத்தது காற்றாகும், காற்று காடாகும்.
பொருளை மாற்றினால்தான் ஒலியன்,
மற்றதெல்லாம் வெறும் சத்தம் என்று
முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நான் அட்டன்காரி. எங்கள் வீட்டில் முதல் இரண்டும் ஒன்று.
அடிப்பதும் காத்து, இருப்பதும் காத்து.
அந்த நடு ஒலியை முப்பது வயதில்
வாயின் குறுக்குவெட்டுப் படம் பார்த்துக் கற்றேன்.
அவசரத்தில் இப்போதும் நழுவும்.

"கல், பகல், சங்கு. இதில எத்தனை க இருக்கு?"
"என்ன கேள்வி பிள்ளை, ஒண்டுதானே."
நெல் ஏற்ற வந்து லொறி நிழலில் படுத்திருந்த
கலென்பிந்துனுவெவ ஜயலத்
எழும்பி விரல் மடித்தார்: மூன்று.
அவர் மொழியில் ஒரு க பாறை, இன்னொரு க செய்தது.
இரண்டையும் இங்கே எழுதிக் காட்டப் பார்க்கிறேன்:
கல. கல.
முடியவில்லை.

வழியும் வளியும் புஸ்பமலருக்கு ஒரே சொல்.
ழ, சந்திப் பலகையில் மட்டும்
வாழைக்குலை வாங்கப்படும் என்று நிற்கிறது.
அட்டவணையில் ஒரு வரியை வெட்டினேன்.

அடுத்தது கேட்டல் சோதனை.
அவருடைய குரலையே கலைத்துப்போட்டு
ஒரு காதுக்கு முப்பது சொல்.
கேட்டதற்கு நேரே புள்ளடி.
வலது: முப்பதுக்கு முப்பது.
இடது: முப்பது புள்ளடியும்
காத்து என்ற ஒரே பெட்டியில்.
வயரை ஆட்டிப் பார்த்தேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன்.
திரும்பவும் அதே காது, அதே பெட்டி.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா."
"நீங்கள் கேக்கேல்லையே."
படிவத்தில் அந்தக் கேள்வி இல்லைதான்.
பிறந்த ஊர், படித்த வகுப்பு, இடம்பெயர்ந்து இருந்த இடங்கள்:
அவர் சொன்னது பதினொன்று,
நான் விட்டிருந்த கோடு நான்கு.
எந்த இடத்தில் என்று அப்போதும் கேட்கவில்லை.
அவர் இடது காதைத் தட்டிச் சிரித்தார்:
"இந்தப் பக்கம் முழுக்க வெறும்"
என்று தொடங்கி, ஒரு சொல்.

கரண்ட் வந்தது.
ஆலை, உலகத்து ஒலியன்களையெல்லாம் ஒன்றாக்கிற்று.

இரவு மாங்குளம் விடுதியில்
அந்த ஒரு சொல்லை எழுத உட்கார்ந்தேன்.
த்து வா, ற்று வா?
என் அட்டன் காது இரண்டுக்கும் தலையாட்டியது.
ஒலியைத் திரையில் விரித்தேன்.
ஆகாரம் முடிகிற இடத்தில்
கறுப்புப் பட்டை எந்தப் பக்கம் வளைகிறது?
ஒன்பது முறை பார்த்தேன்.
ற்று.
தனக்குக் கேட்காத பக்கத்தைப் பற்றி
அவர் துல்லியமாகச் சொல்லியிருந்தார்.

நிரப்பிய பிறகுதான் உறைத்தது:
அது நான் கொடுத்த வாக்கியம் இல்லை.
முப்பதிலும் சேராது, ஆய்வேட்டிலும் சேராது.
தனியாக வைக்கப் போனால்
கோப்புறைக்குப் பெயர் கேட்டது கணினி.
மற்றவை என்று தட்டினேன்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
மத்தவை என்றுதான் வந்தது.